சொல்லாவிட்டால் வழக்கம்போல

டீக்கடைக்காரர் உங்களை எதுவும் கேட்காமலே சரியான டீயைக் கொடுக்கிறாரே, எப்படி என்று யோசித்ததுண்டா?

கரூர்ப் பக்கம் ஒரு போர்வைக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த கோமதிநாயகி யோசித்தாள். அதனால்தான் அவள் வேலை போகாமல் தப்பியது. அங்கே பெட்டிக்கு லேபிள் அடிக்க கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், உண்டு. அதன் பெயருக்குப் பின்னால் நாடு, அளவு, நிறம் என்று பதினோரு ஆப்ஷன்களை வரிசை பிசகாமல் தட்ட வேண்டும். அந்த வரிசை மேனேஜர் தணிகாசலத்தின் தலைக்குள் மட்டும் இருந்தது.

"நாளைக்கு முதலாளி முன்னால நீ ஓட்டிக் காட்டணும். வரிசையை நான் சொல்ல மாட்டேன். முடியலேன்னா மூட்டையைக் கட்டிக்கோ," என்றார்.

"சரிங்க சார்," என்றவள் ஸ்கிரிப்டையே திறந்து மாற்றி எழுத உட்கார்ந்தாள்.

மறுநாள் ஸ்கிரிப்டின் பெயரை மட்டும் தட்டினாள். லேபிள்கள் மளமளவென்று வந்து விழுந்தன.

"ஒண்ணுமே சொல்லாம எப்படிம்மா?" என்றார் முதலாளி.

"ஒவ்வொரு ஆப்ஷனையும் ஒரு ஆப்ஜெக்டா, நிரலுக்குள்ள தனித்தனி ஆளு மாதிரி, ஆக்கிட்டேங்க ஐயா. அதது தன் வழக்கத்தை ஞாபகம் வச்சுக்கும். மாத்தம் இருந்தா மட்டும் சொன்னாப் போதும், டீக்கடையில சர்க்கரை கம்மின்னு சொல்ற மாதிரி."

தணிகாசலம் அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து பழைய வரிசையை வேகமாகத் தட்டினார். திரை பதில் சொன்னது: "அளவு என்றீர்கள், எந்த அளவு என்று சொல்லவில்லை. உள்ளவை: ஒற்றை, இரட்டை."

"முன்னே இப்படி விட்டுப்போனா என்ன ஆகும்?" என்றார் முதலாளி.

"கேக்காமலே ஓடிருங்க. போன மாசம் ஒத்தைப் போர்வைக்கு இரட்டைன்னு லேபிள் போச்சே, அப்படித்தான்."

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கோமதி, எல்லா ஆப்ஷனையும் ஒரு தாள்ல அச்செடுத்து என் மேசையில ஒட்டிவிடும்மா."