கிளாரன்ஸ் கோல் அடித்த இடம்

கோச் கிளாரன்ஸ் தெருவில் இறங்கினால் போதும், சூசைத்துறையே எழுந்து நிற்கும். முப்பது வருடங்களுக்கு முன் இந்தக் கடற்கரைக் கால்பந்து மைதானத்தில் அவர் அடித்த ஒரே கோல்தான் காரணம். சொல்லச் சொல்ல அதன் தூரம் வளர்ந்தது. கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார்.

திருவிழா மேட்சன்று, சுண்ணாம்புக் கோடு போடும் மெற்றில்டாவைக் கூப்பிட்டார்.

"நான் கோல் அடிச்ச எடத்துல நட்சத்திரம் போடணும். ஒரு அடி பிசகினா நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கிடுவேன்."

"எங்க சாரே?"

"பின்னால போ. இன்னும் போ."

அவள் வாளியோடு பின்னாலேயே போனாள். நடுக்கோடு போயிற்று. மைதானமும் முடிந்தது. முழங்காலை அலை நனைத்தது.

"இதுக்கு மேல போக வள்ளம் வேணும் சாரே!"

கூட்டம் சிரித்தது. கிளாரன்ஸ் முறைத்தார்.

"கோவப்படாதீங்க. கண்ண மூடிட்டு நடங்க. உங்க காலு நிக்கிற எடத்துல போடுறேன்."

ஊரே பார்க்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கண்ணை மூடினார். உடனே அந்தப் பழைய சாயங்காலம் வந்துவிட்டது. மஞ்சள் வெயில், உப்புக்காற்று, மூச்சடக்கி நிற்கும் கூட்டம். எதிரே கோல் காக்கிறவன் மட்டும் தனியாக. குறுக்கே வேறு யாருமில்லை. கால்கள் தாமாகவே நடந்தன. தூக்கத்தில் நடக்கிறவரைப் போல, சிரித்தபடியே போய் நின்றார்.

"இங்கதான்!"

கண்ணைத் திறந்து குனிந்தார். காலடியில், கோல் கம்பத்துக்குச் சற்று முன்னால், வெள்ளை வெளேரென்று பெனால்டி புள்ளி.

மெற்றில்டா வாளியை இறக்கி வைத்தாள்.

"இத நான் காலையிலேயே போட்டாச்சு சாரே."