கிணற்றிலிருந்து கூப்பிட்டால்

"அக்கா, எனக்குக் கதை வர மாட்டேங்குது."

"என்னது? சத்தமாச் சொல்லுங்க. கிரைண்டர் ஓடுது."

"கதை! வர மாட்டேங்குது!"

"அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துறீங்க? பக்கத்து வீட்டுல பயந்துடப் போறாங்க."

பரிமளா கிரைண்டரை நிறுத்தினார். மாவு ஒட்டிய கையோடு வந்து உட்கார்ந்தார்.

மாதம் ஒரு மர்ம நாவல் எழுதுகிறவர் பரிமளா. பஸ் ஸ்டாண்டு கடைகளில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்குமே, அந்த நாவல்கள். எழுதப் பழக வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த சவரிமுத்துவுக்கும் அக்காதான்.

சவரிமுத்து இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மாலைப் பத்திரிகையில் கிரைம் நிருபராக இருந்தவர். சுற்றுப்பட்டில் யார் செத்தாலும் ஊருக்குச் சொன்னது அவர் எழுத்துதான். இப்போது வேலையை விட்டுவிட்டார்.

எதற்கு விட்டீர்கள் என்று பரிமளா முதல் நாளே கேட்டிருந்தார்.

"செய்திக்கு முடிவே கிடையாதுக்கா. 'போலீசார் விசாரித்து வருகின்றனர்'னு எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. கதையிலயாவது நான் ஆளைப் பிடிச்சுக் குடுக்கணும்."

இன்று நாவலை முழுசாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டாராம். செய்தி படிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

பரிமளா கையைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார்.

"'சுமார் 19 வயது மதிக்கத்தக்க ரேஷ்மா, ரோஸ் நிறச் சுடிதார் அணிந்த நிலையில் காதலனுக்காகக் காத்திருந்தாள்.' ஏங்க, காதலிக்கிறவனுக்குமா அவ வயசு சுமாராத் தெரியும்?"

"பழக்கதோஷம்க்கா."

"'அணிந்த நிலையில்.' நல்லா உசுரோட நிக்கிற புள்ளை. இன்னும் சாகவே இல்லை, அதுக்குள்ள பிணமாக்கிட்டீங்க."

சவரிமுத்து சிரித்தார். பரிமளா சிரிக்கவில்லை.

"இந்த ரேஷ்மா யாரு?"

"கற்பனைதான்."

பரிமளா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நித்தியகலான்னு ஒரு பொண்ணு," என்றார் சவரிமுத்து. "நூல் மில்லுக்கு வேலைக்குப் போயிட்டு இருந்தா. ஒருநாள் சாயங்காலம் வீடு வந்து சேரலை. மறுநாள் காட்டுக் கிணத்துல கிடந்தா. யாரோ கொன்னு போட்டிருக்காங்க. ஒன்பது வருஷமாச்சு, யாருன்னு இன்னும் தெரியலை. செய்தி போட்டது நான்தான்."

"நாவல்ல தெரியுதா?"

அவர் முகம் மலர்ந்தது. "கடைசி அத்தியாயத்துல! மில் மேனேஜர்க்கா. ஒரு சட்டைப் பொத்தானை வச்சுக் கண்டுபிடிக்கிறாங்க. யாருமே எதிர்பார்க்க மாட்டாங்க."

பரிமளா கடைசி அத்தியாயத்தை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்தார். எழுந்து போய் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

"அந்தப் பொண்ணோட அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. மயிலாத்தா."

"மீதியைக் கொண்டுபோய் அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க."

"அக்கா!"

"யாரு கொன்னதுன்னு அவங்க கேட்டாங்கன்னா, வந்து இதை வாங்கிட்டுப் போங்க."

"அந்தம்மா மனசு நொந்து போயிடும்க்கா."

"நோகும்னு தெரியுதில்ல? அப்ப ஊரெல்லாம் கயித்துல தொங்கவிட்டா மட்டும் நோகாதா?"

சொல்லிவிட்டு பரிமளா கிரைண்டரைப் போட்டார். அதற்கு மேல் பேச முடியவில்லை.

*

முருங்கைக் காட்டுக்குள் ஒற்றை வீடு. மயிலாத்தா வாசலில் உட்கார்ந்து சந்தைக்குப் போகிற முருங்கைக்காயைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாருங்க? அட, பேப்பருக்குப் போட்டோ கேட்டு வந்த தம்பியா? தலையெல்லாம் நரைச்சுப் போச்சே சாமி."

சவரிமுத்து வந்த காரியத்தைச் சொன்னார். நடுவில் முருங்கைக்காய் விலையெல்லாம் கேட்டார். ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

"கதையா? படிங்க. கைதான் வேலை செய்யுது, காது சும்மாதானே கிடக்கு."

அவர் படித்தார்.

"ரேஷ்மாங்கறது யாருங்க?"

"நம்ம பாப்பாதான்மா. பேரை மாத்தியிருக்கேன்."

"நல்லாத்தான் இருக்கு. அவளுக்கு அவ பேரே பிடிக்காது. பழைய பேரா வச்சுட்டேன்னு என்னோட ஒரே சண்டை." மயிலாத்தா கொஞ்சம் சிரித்தார். "படிங்க."

அவர் படித்தார். ரேஷ்மா இருட்டில் தனியாக, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, பயம் என்பதே இல்லாமல் ஒற்றையடிப் பாதையில் வருகிறாள்.

மயிலாத்தாவின் கை நின்றுவிட்டது.

"எம் புள்ளை அப்படி வரமாட்டாளுங்க."

"கதைதானேம்மா."

"இருட்டுன்னா அவளுக்கு ஆகவே ஆகாது. இந்தா, பின்னால கொல்லைக்குப் போறதுன்னாலும் நான் நிலைப்படியில நின்னு எதையாவது பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு நின்னுதோ, 'அம்மா இருக்கியா'ன்னு கத்துவா. பத்தொன்பது வயசு. கலியாணம் பண்ணிக் குடுத்தா மாமியார்க்காரி வந்து நிப்பாளான்னு நான் வைவேன்."

அப்புறம் கேட்டார்.

"உங்க கதையில அவ என்னைக் கூப்பிட்டாளா தம்பி?"

சவரிமுத்து பக்கங்களைப் புரட்டினார். எழுதியது அவரேதான். இருந்தாலும் புரட்டினார். கத்தி இருந்தது, செருப்புத் தடம் இருந்தது, பொத்தான் இருந்தது.

"இல்லம்மா."

"கூப்பிட்டிருப்பா."

வீட்டுக்குள் ஒரு மூலையைக் கை காட்டினார் மயிலாத்தா. ஒரு கிரைண்டர். அதன் மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தது. சாக்கின் மேல் தூசி.

"அன்னிக்கு அவ வர்ற நேரத்துக்கு மாவு ஆட்டிக்கிட்டு இருந்தேன். தோசை கேட்டிருந்தா. அந்தச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலை. அதுக்கப்புறம் அதைத் தொடலைங்க."

மயிலாத்தா ஒரு காயை எடுத்துத் திரும்பக் கீழே வைத்தார்.

"'வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள கிணறு'ன்னு பேப்பர்ல போட்டிருந்தீங்க. என் தங்கச்சி படிச்சுக் காட்டினா. சற்றுத் தொலைவுன்னா எவ்வளவுங்க? கேக்குற தூரமா, கேக்காத தூரமா?"

"அது... சும்மா அப்படி எழுதுறதுதாம்மா."

"கிணத்துலிருந்து கூப்பிட்டா எனக்குக் கேட்டிருக்குமா? கிரைண்டர் ஓடாம இருந்திருந்தா?"

"யாரையாவது கூப்பிடச் சொல்லிப் பார்த்திருக்கலாமேம்மா."

"யாருகிட்டச் சொல்ல? பித்துப் பிடிச்சிருச்சும்பாங்க. நான் போய்க் கூப்பிட்டா இங்க நின்னு யாரு கேக்கறது? அந்தக் கிணத்துப் பக்கம் எனக்குக் காலும் போகாது."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ அதே நேரம்.

சவரிமுத்து காகிதங்களைக் கீழே வைத்தார்.

"நான் போய்க் கூப்பிடுறேன்மா."

மயிலாத்தா எழுந்து வாசல் விளக்கைப் போட்டார். நிலைப்படியில் போய் நின்றார்.

"இங்கதான் நிப்பேன், அவ கொல்லைக்குப் போறப்போ. இங்கயே நிக்கிறேன் தம்பி. பாத்துப் போங்க."

*

அவர் திரும்பி வரும்போது மயிலாத்தா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்மா."

"சத்தமா?"

"தொண்டையே வத்திப் போச்சு."

"என்னன்னு கூப்பிட்டீங்க?"

"அம்மான்னு."

"கேக்கலை," என்றார் மயிலாத்தா. "கேக்கலைங்க தம்பி. குருவி கத்துனது கேட்டுச்சு. ரோட்டுல பஸ் போனது கேட்டுச்சு. இது கேக்கலை."

நிலையைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்து அழுதார். வெகுநேரம் அழுதார்.

பிறகு எழுந்து உள்ளே போனார். கிரைண்டர் மேல் கிடந்த சாக்கை உருவிப் போட்டார். முந்தானையாலேயே அதைத் துடைத்தார்.

"நாளைக்கு அரிசி ஊறப் போடணும்," என்றார். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.

*

மறுநாள் பரிமளா வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன, யாரு கொன்னதுன்னு கேட்டாங்களா?"

"கேக்கவே இல்லக்கா."

நடந்ததை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கிரைண்டர் மேல் கிடந்த சாக்கைச் சொன்னபோது பரிமளா எழுந்து போய்த் தன் கிரைண்டரை நிறுத்தினார். மாவு பாதியில் நின்றது.

வீடு அமைதியாக இருந்தது.

அரிசி டப்பாவை நகர்த்தி, கடைசி அத்தியாயத்தை எடுத்து வந்து அவர் முன் வைத்தார். சவரிமுத்து அதைத் தொடவில்லை.

"பாவம், ஒன்பது வருஷம்," என்றார் பரிமளா. "நீங்க அந்தக் கத்து கத்தியும் கேக்கலையாமா?"

"ம்."

"அன்னிக்கு இங்க கிரைண்டர் சத்தத்தையும் மீறிக் கத்தினீங்க, எனக்கே காது அடைச்சுப் போச்சு."

அவர் குனிந்துகொண்டார்.

மாதம் ஒரு கொலையை எழுதுகிற பரிமளா அவர் முகத்தையே பார்த்தார்.

"அண்ணே," என்றார். அதுவரை அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "கூப்பிட்டீங்களா?"

"கிணத்துச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வாயையும் திறந்துட்டேன். அங்கிருந்து பார்த்தா அவங்க வாசல் லைட்டு தெரியுதுக்கா. அவங்க நிக்கிறதுகூடத் தெரியுது."

"அப்புறம்?"

"கூப்பிடலை."

"ஏன்?"

"அந்தம்மா காதுல விழுந்துடுமோன்னு."