மணி அடிக்க வைத்த மதினி

கோவில்பட்டியில் பட்டுக்கடை வைத்திருந்த வைரவநாத அண்ணாச்சிக்கு, சேலைகளைப் புரட்டிப் போட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களைக் கண்டாலே ஆகாது. அதற்கென்றே வாசலிலும் பில் போடும் இடத்திலும் முகம் பார்க்கும் கேமரா மாட்டினார். ஒரு வருஷம் அது எல்லோரையும் கவனித்தது. அப்புறம், அடிக்கடி வந்தும் ஒன்றும் வாங்காத முகம் வாசலில் தெரிந்தால் மணி அடித்தது.

முதல் மணி, தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் பேச்சித்தாய்க்கு அடித்தது.

"பன்னிரண்டு தடவை வந்திருக்கே. உன் பேருக்கு ஒரே ஒரு பில் காட்டு, உள்ளே விடுதேன்" என்றார் அண்ணாச்சி.

"பில்லுக்கு நான் எங்க போக? மிசின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தபடி பேச்சித்தாய் படியிறங்கினாள். அவளோடு முகூர்த்தப் பட்டு எடுக்க வந்திருந்த கல்யாணப் பெண், பெண்ணின் தாய், இன்னும் பதினாறு பேர் எல்லோரும் அவள் பின்னாலேயே செருப்பை மாட்டினார்கள்.

அண்ணாச்சி பதறிப்போனார். "நீங்க ஏம்மா போறீங்க?"

"பேச்சித்தாய் மதினி பார்த்து எடுத்துத் தராம எங்க தெருவுல யாரு முகூர்த்தப் பட்டு எடுத்திருக்கா?" என்றாள் பெண்ணின் தாய்.

பேச்சித்தாய் திரும்பினாள். "அண்ணாச்சி, அந்தப் பன்னிரண்டு தடவையும் என் பக்கத்துல நின்னது யாருன்னு மிசின்கிட்டயே கேளுங்க."

கேட்டார். பன்னிரண்டு கல்யாணப் பெண்கள், பன்னிரண்டு பட்டு.

மணியை அவர் கழற்றவில்லை. பேச்சித்தாயைக் கண்டு இன்றும் அது அடிக்கிறது. அடித்ததும் அண்ணாச்சியே கலர் சோடா பாட்டிலோடு ஓடி வருகிறார். கலர் வரக் கொஞ்சம் தாமதமானால், பேச்சித்தாய் வெளியே போய் இன்னொரு தடவை முகத்தைக் காட்டிவிட்டு வருகிறாள்.