பக்கத்தில் நிற்கும் கம்பைலரை டெர்மினல் ஏன் தெரியாது என்கிறான்

அந்தக் காலத்தில் கணினிக்குள் இருந்த மென்பொருள்கள் எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு வாசல்காவல், டெர்மினல் என்கிற கறுப்புத் திரைக்காரன். ஒரு பெயரைச் சொன்னால் போதும். ஃபோல்டர் ஃபோல்டராகப் புகுந்து கத்திக் கூப்பிடுவான். முதலில் "இதோ" என்றவனைக் கையோடு இழுத்து வந்து வேலையில் நிறுத்திவிடுவான். நீ யார், உன்னை உள்ளே விட்டது யார்? ஒரு கேள்வி கிடையாது. இதைப் போய் எல்லாரும் சௌகரியம் என்றார்கள். சௌகரியமாம்!

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் செண்பகவடிவு கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக அவள் எழுதிய நிரல் அன்று மாலை நான்கு மணிக்குப் பேராசிரியர் முன்னால் ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஆண்டே போச்சு. அதை ஓடவைக்கக் கம்பைலர் வேண்டும். நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிறவன் அவன்தான். முறைப்படி இறக்கி, தனி ஃபோல்டரில் அவனைக் குடிவைத்திருந்தாள்.

"கம்பைலரைக் கூப்பிடு" என்றாள்.

"இந்தா, கூட்டியாறேன் தாயி" என்று டெர்மினல் ஓடினான்.

போன மாதம் யாரோ ஓசியில் ஒரு படம் இறக்கியிருந்தார்கள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த ஒருவன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் படுத்துக்கிடந்தான். அவன் எழுந்து, "நான்தான் மேடம் கம்பைலர்" என்றான். டெர்மினல் அவனைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவனோ அவள் எழுதி வைத்திருந்த கோப்புகளில் ஒன்றை விழுங்கினான். அடுத்ததை விழுங்கினான். வடிவு கை வைப்பதற்குள் ஆறு மாத எழுத்தும் போய்விட்டது. திரையில் ஒன்றுமில்லை.

"ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துட்டு?" என்றாள் பக்கத்து நாற்காலித் தோழி ஜெருஷா.

வடிவு டெர்மினல்மேல் பாய்ந்தாள்.

"யாரை உள்ளே விட்டே?"

"பேரு கேட்டேன் தாயி. கம்பைலருன்னான்." அவனும் அதிர்ந்துபோய்த்தான் நின்றான்.

"சொன்னா நம்பிடுவியா? நாளைக்கு ஒருத்தன் வந்து நான்தான் செண்பகவடிவுன்னா, அவனை என் நாற்காலியில உட்கார வைப்பியா?"

டெர்மினல் யோசித்தான். "வைப்பேன்" என்றான்.

"பண்ணு சத்தியம்! இனிமே நான் சொல்லாத ஃபோல்டர்ல கால் வைக்கக் கூடாது!"

"சத்தியம் தாயி. நீ சொன்ன ஃபோல்டர்லதான், நீ சொன்ன வரிசையிலதான் தேடுவேன். அதையும் நான் கண்ணு முழிக்கிற நேரத்துல ஒருக்கா மனசுல வாங்கிக்கிடுவேன். நடுவுல எவன் வந்து காதைக் கடிச்சாலும் கேக்க மாட்டேன்."

"அதான் வேணும்" என்றாள் வடிவு. அவளேதான் சொன்னாள். அந்த வரிசைக்குப் பாதை என்று பெயர் வந்தது.

போலிக்காரனை அழித்துத் துடைத்தாயிற்று. ஜெருஷாவின் பென்டிரைவில் நிரலின் போன வாரத்துப் பிரதி ஒன்று கிடந்தது. மணி மூன்று. வடிவு கம்பைலரைக் கூப்பிட்டாள்.

"அப்படி யாரும் இல்லை" என்றான் டெர்மினல்.

"எக்கா, நான் இங்கனதான் நிக்கேன்!" என்று கம்பைலர் தன் ஃபோல்டரிலிருந்து கத்தினான்.

டெர்மினல் திரும்பியே பார்க்கவில்லை. வடிவு திகைத்துப்போனாள். அப்புறம் நம் ஆட்கள் எல்லாரும் செய்வதையே செய்தாள்: கம்பைலரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாள். டெர்மினல் இல்லை என்றான். மறுபடியும் நீக்கி, மறுபடியும் நிறுவினாள்.

"எக்கா, என்னைய ஏன் வெளிய தள்ளித் தள்ளி உள்ள கூப்பிடுதீய? நான் என்ன தப்பு செஞ்சேன்?" கம்பைலருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏட்டி, அவன் எந்த ஃபோல்டர்ல இருக்கான்னு பாதையில சொன்னியா?" என்றாள் ஜெருஷா.

சொல்லவில்லை! அடித்துப்பிடித்துச் சொன்னாள். கூப்பிட்டாள்.

"அப்படி யாரும் இல்லை."

"இப்பதானே சொன்னேன்!"

"இப்பதானே சொன்னே. நடுவுல எவன் சொன்னாலும் கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அது திருட்டுப்பயலுக்குடா! நான் சொன்னா கேக்கணும்ல?"

"நீ யாரு, அவன் யாருன்னு எனக்கு எப்படித் தாயி தெரியும்? ரெண்டு பேருமே வாயாலதானே சொல்லுதீக?"

வகுப்பில் ஒருவரிடமும் வாதத்தில் தோற்காதவள் வடிவு! ஆனால் அவன் சொன்னதில் எங்கே ஓட்டை இருக்கிறது? நானும் பலமுறை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

"அப்ப கண்ணை மூடு" என்று கறுப்புத் திரையை மூடினாள். மறுபடி திறந்தாள். கண் விழித்த டெர்மினல் புதிய பாதையை மனதில் வாங்கிக்கொண்டான். பெயரைச் சொன்னதும் நேராகப் போய்க் கம்பைலரைக் கூட்டி வந்தான். கம்பைலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலையைத் தொடங்கினான்.

நான்கு மணிக்குப் பேராசிரியர் வந்து நின்றபோது நிரல் ஓடியது. ஒரு வாரத்து எழுத்து போனது போனதுதான், ஆண்டு தப்பியது.

அன்று முதல்தான், நாம் நிறுவிய கருவி பக்கத்திலேயே நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் டெர்மினல் "அப்படி யாரும் இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். பாதையில் ஃபோல்டரைச் சேர்த்து, அவனை ஒருமுறை மூடித் திறந்தால்தான் ஒப்புக்கொள்கிறான்.