குளத்துக்கு வாய்ப்பூட்டு

மூங்கில்காட்டுக் குளத்தில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. தவளைகள் கத்தவில்லை. மீன்கொத்தி தண்ணீரில் பாயவில்லை. வழக்கமாக வந்து புரளும் எருமைகளையும் காணோம். எல்லாம் அல்லி என்கிற நீர்நாய் போட்ட உத்தரவு!

அல்லியின் மகள் சுழலி அந்த வருஷம் பத்தாம் வகுப்பு. கோடையில் குளம் வற்றிவிடும். அப்புறம் ஆறுதான் கதி. அருவி விழும் இடத்தில், நுரையும் சேறுமாகக் கலங்கிய தண்ணீரில் மீன் பிடித்துக் காட்ட வேண்டும். பங்குனியில் கொக்கு வாத்தியார் வைக்கும் பரீட்சை அது. தேறாத பிள்ளையை ஆற்றில் இறங்க விடமாட்டார்கள். ஒரு கோடை முழுக்க அரை வயிறுதான்.

அல்லிக்கு அந்த நினைப்பிலேயே பாதி உடம்பு இளைத்துவிட்டது.

"சித்தப்பா வீட்டுக் கல்யாணமா? எங்க வீட்டுல பத்தாவது படிக்குது! அடுத்த வருஷம் பார்ப்போம்!" என்று சொந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பினாள்.

"சேத்துக் காலோட குளத்துல இறங்காதீங்க! பிள்ளைக்குத் தொந்தரவு!" என்று எருமைகளை விரட்டினாள்.

பாவம், அவள் வீட்டுக்காரர் துடுப்பன். வாய் நிறைய சீழ்க்கை அடித்துக்கொண்டு திரிந்தவர், பொந்துக்குள் நுழையும்போதே சத்தம் வராமல் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

தவளைகளின் தலைவர் கரகரப்பன் மட்டும் ஒருநாள் முணுமுணுத்தார். "நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லுவாங்க. நாங்க வாயை மூடியே கெட்டுப்போயிடுவோம் போல இருக்கே!"

"உஷ்!" என்றாள் அல்லி.

சுழலியும் ஒன்றிரண்டு முறை வாயைத் திறந்து பார்த்தாள். "அம்மா, ஒரு விஷயம்..."

"பேச்சைக் குறை, படிப்பைக் கவனி! இந்தா, இந்த ஆரலைத் தின்னுட்டுப் போ!"

வாயைத் திறந்தால் மீன் வந்து விழுந்தது. பேச்சு உள்ளேயே போய்விட்டது.

மார்கழியில் அரையாண்டுப் பரீட்சை வந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஆற்றில் முங்கி மீனோடு எழுந்தார்கள். சுழலி முங்கினாள், எழுந்தாள், முங்கினாள், எழுந்தாள். வாயில் ஒரு பாசிகூட இல்லை!

ஆனால் அல்லி லேசில் விடுகிறவளா? குற்றவாளி யார் என்று அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிட்டாள். விடுவிடுவென்று போய் அருவிக்கு எதிரே பாறையில் ஏறி நின்றாள்.

"ஏய் அருவி! கொஞ்சம் மெதுவா விழக்கூடாதா? உன் இரைச்சல்ல என் பிள்ளைக்குக் கவனம் சிதறுது! எங்க வீட்டுல பத்தாவது!"

அருவி தன்பாட்டுக்கு விழுந்தது. கரையில் இருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சுழலிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓடி வந்து அம்மாவின் அருகில் நின்று ஏதோ சொன்னாள். அருவி இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன?" என்றாள் அல்லி.

மறுபடி சொன்னாள். மறுபடியும் விளங்கவில்லை. வேறு வழியில்லாமல் அல்லி குனிந்து, மகளின் வாயருகே காதைக் கொண்டுபோனாள். அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"எனக்குச் சத்தம் பிரச்சினை இல்லம்மா! கலங்கல் தண்ணியில கண்ணு தெரியல. மீசையால தடவித் தேடணும்னு வாத்தியார் சொன்னாரு. அது எனக்கு வரவே இல்ல!"

"இதை ஏண்டி முன்னாடியே சொல்லல?"

"எப்போ சொல்றது? வாயைத் திறந்தா ஆரலைத் திணிச்சே! பழகிப் பார்க்கலாம்னா நம்ம குளத்துல கலங்கலே இல்ல. ஒருத்தரையும் அசைய விடாம, குளத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்கி வச்சிருக்கே! கலங்கின குளத்துக்கு நான் எங்கே போவேன்?"

அல்லி அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைக்கு நல்லது என்று நினைத்து, பிள்ளைக்கு வேண்டியதையே அல்லவா விரட்டியிருக்கிறாள்! கண்ணில் நீர் முட்டியது. "தப்பு என் பேர்லதான், கண்ணு" என்று மகளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அல்லி எருமைகளைத் தேடிப் போனாள்.

"போன தடவை சேறுன்னு விரட்டினே!" என்றது மூத்த எருமை, அசை போட்டபடியே.

"ஆமா அக்கா, புத்தி கெட்டுப்போச்சு. இப்போ அந்தச் சேறுதான் வேணும். மனசு வச்சு வாங்க!"

"எவ்வளவு வேணும்?" என்று கேட்டது எருமை. சேற்றைப் பற்றி அதனிடம் யாரும் அவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

எருமைகள் இறங்கின. குளம் குழம்பிப் போனது! தவளைகள் அடக்கி வைத்திருந்த கச்சேரியை எல்லாம் ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டன. துடுப்பன் சீழ்க்கை அடித்துக்கொண்டே தலைகீழாகக் குதித்தார். நடுவில் சுழலி மீசையை விரித்துக்கொண்டு முங்கினாள். முதலில் அகப்பட்டது எருமையின் வால். அடுத்து ஒரு மூங்கில் கழி. பிறகு ஒருநாள், துள்ளத் துடிக்க ஒரு கெளுத்தி!

சுழலி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அல்லி அவள் பக்கத்தில் உட்காருவாள். "இன்னிக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். அதுதான் அவளுக்கு மகா கஷ்டம்!

பங்குனியும் வந்தது. அருவி இரைந்தது. சுழலி முங்கினாள். கரையில் நின்ற அல்லி, "இடது பக்கம் பாரு!" என்று கத்தப் போனவள், தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் பிளந்தது. சுழலியின் வாயில் ஒரு விரால்!

அவள் முதலாவதாக வரவில்லை. நாலாவதாகத்தான் வந்தாள். ஆனால் ஆற்றில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. "எங்க வீட்டுல பத்தாவது தேறிடுச்சு!" என்று அல்லி போட்ட கூச்சலில், அன்றைக்குத் தவளைகள்தான் "உஷ்!" என்றன.

படிக்கிற பிள்ளைக்காக ஊர் வாயை அடைப்பதைவிட, அந்தப் பிள்ளை வாய் திறந்து சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதே பெற்றவர்கள் செய்யும் பெரிய உதவி.