சாணி மெழுகிய பானை

“காட்டெருமை வேலியை உடைச்சிருச்சுங்க, தாயே!”

மலையடிவாரத்துக் குடிலுக்குள் மூச்சிரைக்க ஓடிவந்தாள் பவுனாத்தாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

தவசியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குருவான அவளுக்கும் சிஷ்யை பவுனாத்தாளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

“எவ்வளவு பெருசு?”

பவுனாத்தாள் இரண்டு கையையும் விரித்தாள். குழந்தை நழுவியது. பிடித்துக்கொண்டாள்.

“நம்ம குடில் நடந்து வந்த மாதிரிங்க.”

“எத்தனை மரம் போச்சு?”

“மூணு அகத்திங்க. முறிச்சுத் தின்னுட்டுப் போயிருச்சு.”

“முறிஞ்ச மரம்?”

“துளிர்க்குமுங்க. ஆனா…” அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “எனக்குப் பால் வத்திப்போச்சு. இவ குடிக்கிறது பசும்பால். பசு திங்கிறது அகத்தி. அது மறுபடி வந்தா நான் என்னங்க பண்ணுவேன்?”

“விதை இருக்குதல்ல?”

“அது பத்திரமா இருக்குதுங்க. என் கையாலயே காஞ்ச நெத்துக் காயாப் பறிச்சு, காயவெச்சு, சாம்பல் கலந்து, பானை வாயைச் சாணி போட்டு மெழுகி வெச்சிருக்கேன். எறும்புகூட நுழையாது.”

“மழை இந்த வாரம் வந்துரும். எடுத்துட்டு வா அம்மணி.”

பானை வந்தது. வாயில் சாணிப் பூச்சு கீறாமல் இருந்தது. பவுனாத்தாள் பெருமையோடு அதை உடைத்தாள்.

தவசியம்மா விதை முழுவதையும் அண்டாத் தண்ணீரில் கொட்டினாள்.

சாம்பல் கரைந்தது.

விதை மிதந்தது. பார்த்தவரை எல்லாம் மிதந்தது.

“இதென்னங்க?” பவுனாத்தாள் அண்டாவுக்குள் குனிந்தாள். “நல்ல விதை முழுகணுமே?”

தவசியம்மா ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தாள். உள்ளே பருப்பு இல்லை. ஒரு வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தது.

இன்னொன்றைப் பிளந்தாள். அதிலிருந்து ஒரு கருங்குளவி வெளியே வந்தது. எள்ளைவிடச் சிறியது. விரல் நுனியில் நின்று சிறகைத் துடைத்துக்கொண்டது.

“இதைத் தெரியுமா?”

பவுனாத்தாள் அதை உற்றுப் பார்த்தாள்.

தெரியும். காய் பச்சையாக இருந்தபோது, காட்டைப் பார்த்தபடி தகர டின்னைத் தட்டிக்கொண்டு மரத்தடியில் காவல் நின்றாளே, அப்போது பார்த்திருக்கிறாள். கொசு என்று நினைத்தாள். ஒன்று குழந்தையின் இமைமேல் வந்து உட்கார்ந்தது. சிரித்துக்கொண்டே ஊதிவிட்டாள்.

அது பறந்துபோய் எந்தக் காயில் உட்கார்ந்தது என்று பார்க்கவில்லை.

“பானைக்குள்ள எப்படிங்க போச்சு?”

“பச்சைக் காயிலயே முட்டை விட்டிருச்சு. நீதான் உள்ள வெச்சு மெழுகினே.”

அண்டாவின் அடியில் கைவிட்டுத் துழாவினாள் தவசியம்மா. முழுகியது ஆறே விதை. எண்ணிப் பவுனாத்தாளின் உள்ளங்கையில் வைத்தாள்.

வெளியே, உடைந்த வேலிக்கு அப்பால், புதர் முறியும் சத்தம். எருமை திரும்பி வந்திருந்தது.

பவுனாத்தாள் தலையைத் திருப்பவில்லை.

“எவ்வளவு பெருசுன்னு சொன்னே அம்மணி?” என்றாள் தவசியம்மா.

அவளுக்குக் கை விரியவில்லை. ஆறு விதையையும் முந்தானையில் முடிந்தாள். பிறகு, குழந்தை இறுக மூடி வைத்திருந்த கையை, விரல் விரலாகப் பிரித்து, எள்ளளவு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று உள்ளே பார்த்தாள்.