ராஜாவின் கண்ணாடித் தொந்தி

சிங்கமல்லன் என்று ஒரு ராஜா இருந்தார். சிங்கமெல்லாம் பேரோடு சரி. இடுப்பைப் பார்த்தால் நெல் குதிர்தான்.

தன்னைக் கண்ணாடிச் சிலையாகப் பார்க்க அவருக்கு ஆசை வந்தது. சிற்பி நாகம்மையை அழைத்தார்.

“அச்சு அசலாக இருக்க வேண்டும். கொஞ்சம் மாறினாலும் உன் கட்டைவிரலை எடுத்துவிடுவேன்!”

பாவம், அவள் உள்ளதை உள்ளபடியே வார்த்துவிட்டாள். சபையில் திரை விலகியதும் முதலில் தெரிந்தது தொந்திதான். வெயில் பட்டு அது மின்னிய மினுக்கலில் ராஜாவின் முகத்தை யாருமே பார்க்கவில்லை.

“யாருடைய தொந்தி இது?” என்று ராஜா உறுமினார்.

அமைச்சர் பஞ்சநதி துள்ளி எழுந்தார். “மகாராஜாவுக்கு ஏது தொந்தி? என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே! கொழுப்பெடுத்தவள், விரலை வெட்டுங்கள்!”

ராஜா மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொண்டார். “பார்! எங்கே தொந்தி?”

நாகம்மை கட்டைவிரலை முந்தானைக்குள் ஒளித்தாள். அது போனால் இடுக்கியை எப்படிப் பிடிப்பது? தொழிலே போச்சு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது விதூஷகன் சடகோபன் எழுந்தான். “தப்புதான் மகாராஜா. வேறு சிலை செய்யட்டும். நாகம்மை, எத்தனை நாள் ஆகும்?”

“வார்ப்பது சீக்கிரம் முடிஞ்சிடும் சாமி. ஆறுவதுதான் பெரும்பாடு. அவசரப்பட்டால் வெடிச்சிடும். சூளைக்குள்ளேயே ஒரு வாரம் கிடக்கணும்.”

“கேட்டீர்களா மகாராஜா? அதுவரை வயிற்றை எக்கியபடி இப்படியே நில்லுங்கள். அதற்குள் அசல் மாறினால் சிலை பொய்யாகிவிடும். இவள் விரல் வீணாகப் போகும்.”

“ஒரு... வாரமா?” ராஜாவின் குரல் கீச்சென்று வந்தது.

“சாப்பாடு மட்டும் கூடாது.” சடகோபன் கையைத் தட்டினான். மதியச் சாப்பாட்டுக்குப் பொரித்த நெய் அப்பம், தட்டு நிறைய, ராஜாவின் மூக்குக்குக் கீழேயே ஊர்வலம் போனது.

ராஜாவின் முகம் சிவந்தது, நீலம் பாய்ந்தது. கடைசியில் ‘புஸ்!’ என்று மூச்சை விட்டார். இடைக்கச்சையின் தங்கக் கொக்கி தெறித்துப் பறந்து, அமைச்சரின் தலைப்பாகையைத் தட்டிவிட்டது.

ராஜா ஓர் அப்பத்தை வாயில் போட்டுக்கொண்டு, சிலையையும் தன்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“என்னுடையதுதான்! நாகம்மை, விரலை வெளியே எடு. அதற்கு ஒரு தங்க மோதிரம் தருகிறேன். பஞ்சநதி, இந்தத் தொந்தியைத் தினமும் துடைத்துப் பளபளப்பாக்குவது இனி உம் வேலை. உமக்குத்தான் கண்ணுக்குத் தெரியாதே, தடவித் தடவிக் கண்டுபிடியும்!”